எந்தத் தேதியைப் போடுவது?

கன்ட்ரி மியூசிக் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் பாதகமில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களின் கிராமத்துப் பாட்டு அது. கிடார், பிடில், லேசாக மூக்கால் பாடும் குரல். விஷயம் பெரும்பாலும் ஓடிப்போன காதலி, ரயில், ஜெயில், குடி.

இந்தப் பாட்டுக்காரர்களின் பிறந்த, இறந்த தேதிகளைக் குறித்துவைக்கும் வேண்டாத பழக்கம் எனக்கு உண்டு. மெர்ல் ஹாகர்ட் பிறந்தது 1937 ஏப்ரல் 6. இறந்தது 2016 ஏப்ரல் 6. பிறந்தநாளன்று போய்விடுவேன் என்று ஒரு வாரம் முன்பே வீட்டில் சொல்லிவிட்டாராம். மகன் எழுதியிருக்கிறார். அர்த்தம் தேடாதீர்கள். வருஷத்துக்கு 365 நாள்தானே, பாடகர்களோ ஆயிரக்கணக்கில்.

ஆனால் ஹாங்க் வில்லியம்ஸின் தேதி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

29 வயசு. பிறவியிலேயே முதுகெலும்பில் கோளாறு. வலிக்கு மருந்து, மருந்துக்கு மேல் குடி. நிகழ்ச்சிக்கு வராமல் கழுத்தறுப்பதில் பேர் வாங்கியவர். 1952 ஆகஸ்டில், நாஷ்வில்லின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' அவரை நிறுத்திவிட்டது. செப்டம்பர் 23-ல் கடைசி ரெக்கார்டிங். 'யுவர் சீட்டின் ஹார்ட்' அன்று பதிவானதுதான். அது வெளிவந்தபோது ஆள் இல்லை.

டிசம்பர் 30-ம் தேதி அலபாமாவிலிருந்து தன் நீல காடிலாக்கில் கிளம்பினார். ஓட்டியது ஒரு கல்லூரி மாணவன். புத்தாண்டு தினத்தன்று ஒஹாயோ மாநிலம் கான்டனில் நிகழ்ச்சி. வழியெல்லாம் பனி. டென்னஸியில் நாக்ஸ்வில்லிலிருந்து ஏறிய விமானமும் பாதியில் திரும்பிவிட்டது. ஹோட்டலுக்கு டாக்டர் வந்து மார்ஃபின் ஊசி போட்டார். அன்றிரவு ஹோட்டல் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் கார் பின்சீட்டில் வைக்க வேண்டியிருந்தது.

ராத்திரி முழுக்கக் கார் ஓடியது. தூங்குகிறார் என்றே பையன் நினைத்தான். மேற்கு வர்ஜீனியாவில் ஓக் ஹில் பக்கம், நழுவிய போர்வையைச் சரிசெய்யப் போனவன் கையைத் தொட்டான். சில்லிட்டு விறைத்திருந்தது.

அதிகாரபூர்வத் தேதி 1953 ஜனவரி 1. ஆனால் உயிர் போனது நள்ளிரவுக்கு முன்னா, பின்னா? எந்த ஊர் தாண்டும்போது? பார்த்தவர் யாருமில்லை. நாக்ஸ்வில்லிலேயே முடிந்துவிட்டது என்பவர்களும் உண்டு. நம்மூராக இருந்தால் திவசத்துக்குத் திதி கேட்கும் வாத்தியாரிடம் என்ன சொல்வது?

(1997-ல் இன்னொரு ஜனவரி 1. ஹாங்க் பைத்தியமான டௌன்ஸ் வான் ஜான்ட், 52 வயதில் போனார். இவருக்கும் எமன் குடிதான். 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' இவர் எழுதியது. அதை 1983-ல் நம்பர் ஒன் ஆக்கிய இருவரில் ஒருவர், மேலே சொன்ன ஹாகர்ட்.)

கான்டனுக்கு வருகிறேன். டிக்கெட் வாங்கிய கூட்டம் காத்திருக்கிறது. ஒருவர் மேடைக்கு வந்து, ஹாங்க் வில்லியம்ஸ் வழியிலேயே இறந்துவிட்டார் என்று அறிவித்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்! அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எத்தனை முறை வராமல் ஏமாற்றியிருப்பார், எத்தனை சாக்கு கேட்டிருப்பார்கள். இதுவும் ஒன்று என்று நினைத்திருக்கலாம். அப்புறம் ஹாக்‌ஷா ஹாக்கின்ஸ் என்ற பாடகரும் மற்றவர்களும் ஹாங்க் எழுதிய 'ஐ சா த லைட்' பாட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சிரித்தவர்களுக்கு விஷயம் உறைத்தது. அவர்களும் சேர்ந்து பாடினார்கள்.

அந்த ஹாக்கின்ஸ் போன தேதியில் சந்தேகமே இல்லை. 1963 மார்ச் 5, டென்னஸியில் கேம்டன் அருகே விழுந்த சிறு விமானம். பாட்ஸி க்ளைனும் அதில்தான் இருந்தார். அவருடைய கைக்கடிகாரம் 6.20-ல் நின்றிருந்தது.