தண்டை உருவும் பக்குவம்

மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் தென்னமரம் எஸ்டேட்டில் உருவான பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலே, லயத்தில் பிறந்து, ஆலைப் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கப் பழகியவன் நான். பழம் பிழியும் பிரஸ்ஸின் திருகுத் தண்டுகள் தேய்ந்தபோதெல்லாம் அவற்றைக் கழற்றி மாற்றிய அனுபவமே, பிற்காலத்தில் கோல சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில், பாசிர் பெனாம்பாங் மீன்பிடிப் படகுகளின் வேலைக்கு என்னை அழைத்துச் சென்றது.

ஒரு பௌர்ணமி ஏற்றத்தில், முப்பதடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகொன்று மேடைக்கு ஏறி என் பொறுப்பில் வந்தது. காற்று ஓய்ந்த வேளையில் செலுத்துவதற்கென்று அதன் வயிற்றில் சிறிய டீசல் இயந்திரம் ஒன்று உண்டு. அதிலிருந்து, மலாய் மீனவர்கள் கிப்பாஸ் என்றழைக்கும் புரொப்பெல்லருக்குச் செல்லும் ஓர் அங்குலத் தண்டு, ஓடும்போது கடகடவென்று நடுங்கிற்று. பின்புறத்து ரப்பர் பேரிங் தேய்ந்திருந்தது. உட்புறக் காடிகளின் வழியே புகும் தண்ணீரையே எண்ணெயாகக் கொண்டு உழைக்கும் அந்த உறை இக்காலத்தில் செயற்கை ரப்பரே எனினும், அதைக் கையில் எடுக்குந்தோறும், விடியுமுன் பால் வெட்டப் போன என் தாயாரின் நினைவு எனக்கு வராமற் போனதில்லை. அதை மாற்றத் தண்டை உருவியாக வேண்டும். பெரிய ஏற்றம் பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டியே வருமாதலின், அமாவாசைக்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

தண்டையும் கியர்பாக்ஸையும் பிணைக்கும் கப்ளிங்கிலேதான் சகல சிரமமும் குடிகொண்டிருக்கிறது. பல்லாண்டுகளாக உப்புநீர் கசிந்து கசிந்து, தண்டும் இரும்புக் கப்ளிங்கும் துருவினால் ஒரே உலோகம்போல் ஒட்டிவிடுகின்றன. இளமையில் நானும் அவசரப்பட்டுக் கப்ளிங்கைச் சம்மட்டியால் அடித்து, அதன் விளிம்பு கோணிப்போகக் கண்டு வருந்தியிருக்கிறேன். போல்ட்டைக் கழற்றாமலே அடிப்பவர்களோ அந்த அதிர்ச்சியைக் கியர்பாக்ஸின் பேரிங்குகளுக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே, கப்ளிங், கியர்பாக்ஸ் ஆகிய இரண்டின் வட்டுகளிலும் ஒரே நேராக அடையாளம் கீறிக்கொண்டு, தண்டைப் பூட்டிய சிறு திருகுகளையும் நான்கு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, தண்டைச் சிறிது பின்தள்ளி, அதன் விட்டத்தினும் சற்றே சிறிய ஒரு ஸாக்கெட்டை அதன் முனைக்கும் கியர்பாக்ஸ் வட்டுக்கும் நடுவே நிறுத்தி, அதே துளைகளில் நீண்ட போல்ட்டுகளை மாட்டி, எதிரெதிராக, கால் திருப்பம் கால் திருப்பமாக இறுக்கி வந்தேன். போல்ட்டுகள் கப்ளிங்கை முன்னே இழுக்க, ஸாக்கெட் தண்டைப் பின்னே தள்ளும். இரண்டு விசையும் ஒரே வட்டில் சமனாவதால் கியர்பாக்ஸுக்கு ஊறு இல்லை.

இயந்திரத்தின் பின்னால், ஒரு தோள் மட்டும் நுழையும் இடுக்கில் குப்புறப் படுத்துச் செய்யும் வேலை அது. மாலையில் ஸ்பானர் கனத்தது. இனித் திருப்பினால் போல்ட் அறும் என்று கை சொல்லிற்று. இறுக்கத்தை அப்படியே விட்டு, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டுக் கீழே இறங்கினேன். மறுநாள் காலையில் கால் திருப்பம் முடியுமுன்னரே 'டக்'கென்று ஓர் ஒலி எழுந்தது. செந்துருப் பொடி ஒரு சிட்டிகை என் மணிக்கட்டில் உதிர்ந்தது. மயிரிழையளவு அசைந்த தண்டு, முன்னதினும் நீண்ட ஸாக்கெட்டை வைத்து மேலும் தள்ளியபின், கையோடு வந்தது.

புரொப்பெல்லரை முன்பே எடுத்திருந்தும், நேர் பின்னால் சுக்கான் வழிமறித்து நின்றது. அதைக் கீழிறக்க இடம் வேண்டி, ஆறு வற்றிய வேளையில் மேடைக்கடியே சேற்றில் முழங்காலளவு குழி தோண்டினோம்.

வெளியே வந்த தண்டை மரக்கட்டைகளின்மேல் கிடத்தி உருட்டிப் பார்த்தேன், கோணல் இல்லை. ஆனால், நீர்க்கசிவைத் தடுக்கும் பாக்கிங் கயிறு உராய்ந்த இடத்தில், நகம் சிக்கும்படி ஒரு பள்ளம் வளையமாக ஓடியிருந்தது. அத்தண்டை மீண்டும் மாட்ட என் மனம் இசையவில்லை. புதிய தண்டும் புதிய பேரிங்கும் பூண்டு, அமாவாசை ஏற்றத்தில் படகு ஆற்றில் இறங்கிற்று.

படகு வைத்திருக்கும் அன்பர்களே, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் கப்ளிங்கைக் கழற்றி, துருவைத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள்.