சீஸ் கேக்கும் உம்மாட வட்டிலப்பமும்

கிரீம் சீஸ் விற்கிற விலைக்கு ஒரு தடவை பிழைச்சாலே மனசு உடைஞ்சு போகும். அதுக்காகவே சீஸ் கேக் பக்கம் போகப் பயப்படுற தங்கச்சிமாருக்கு இதை எழுதுறேன்.

எனக்கு இது சரிவந்தது உம்மாவால. அவங்க ஓவனைத் தொட்டதே இல்ல. ஆனா கலவையைப் பார்த்ததும், "இது வட்டிலப்பம் மாதிரித்தானே மகள், சூட்டைக் குறைங்க" என்டாங்க.

உண்மைதான். ரெண்டையும் இறுக்குறது முட்டை. சூடு கூடினா வட்டிலப்பத்தில ஓட்டை விழும், சீஸ் கேக் வெடிக்கும். அதனாலதான் கேக் ட்ரேயைச் சுடுதண்ணிக்குள்ள வைக்கிறது. ஓவன் 160 பாகையில இருந்தாலும் தண்ணி 100ஐத் தாண்டாது. முட்டை சேர்த்த பிறகு அதிகம் அடிக்காதீங்க, காத்துப் புகுந்தா பொங்கி அமிழும். ஓரம் இறுகி, நடு லேசா ஆடும்போதே ஓவனை நிறுத்துங்க. கதவைக் கொஞ்சம் திறந்து ஒரு மணித்தியாலம் விட்டு, பிறகு ஒரு ராவு பிரிட்ஜில வைங்க. ஜெலட்டின் தேவையில்ல, அது ஹலாலா என்ட யோசனையும் இல்ல.

ஒரு வெடிப்பும் இல்லாம வந்திச்சு. "இந்தக் காலத்துச் சாமான் எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்குற உம்மா, அன்டைக்கு மாமிக்குக் கோல் எடுத்து, சீஸ் கேக் எப்படிச் செய்றதென்டு அரை மணித்தியாலம் விளக்கினாங்க.