பீல் என்றும் பியென் என்றும் ஒரு நகரம்



கடந்த பள்ளி விடுமுறையில், சுவிட்சர்லாந்தில் வாழும் ஈழத்து நண்பர் குடும்பத்தாரைக் காண ஜொகூர் பாருவிலிருந்து சென்றிருந்தேன். அவர்கள் குடியிருக்கும் ஏரிக்கரை நகருக்குப் பெயரே இரண்டு. ஜெர்மன் பேசுவோர் பீல் என்பர். பிரெஞ்சு பேசுவோர் பியென் என்பர். 2005 முதல் இரண்டையும் சேர்த்தே அதிகாரப்பூர்வப் பெயராக வைத்துக்கொண்டுள்ளனர். மக்கள் ஏறத்தாழ 55 ஆயிரம் பேர். தெருப்பெயர்ப் பலகைகள் இரு மொழியிலும் உள்ளன. ஏரியும் அதன் கரைச்சரிவில் திராட்சைத் தோட்டங்களும் மிக அழகு. அவற்றைப் படங்களில் பார்த்துக்கொள்ளலாம். என்னை ஈர்த்தது வேறு.

முன்பு இது ஜெர்மன் மொழி ஊர். 1840களில் நகர நிர்வாகம் வரிச்சலுகை அளித்துக் கடிகாரத் தொழிலாளர்களை வரவழைத்தது. அருகிலுள்ள ஜூரா மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வந்த அவர்கள் பிரெஞ்சு பேசியவர்கள். 1880இல் லூயி பிராண்டின் புதல்வர்கள் தங்கள் பட்டறையை இங்கு மாற்றினர். அதுவே பிற்காலத்து ஒமேகா. (நிலாவுக்குச் சென்ற அக்கடிகாரத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆசிரியர் சம்பளத்துக்கு அதுவே போதும்.) ஸ்வாட்ச் குழுமத்தின் தலைமையகமும் இங்குதான்.

1970களில் மலிவான குவார்ட்ஸ் கடிகாரங்கள் பரவியபோது இத்தொழில் ஆட்டங்கண்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆனால் தொழிலோடு வந்த பிரெஞ்சு மொழி தொழிலோடு சரியவில்லை. பள்ளியும் நகர அலுவலகமும் அதைத் தாங்கி நின்றன.

இதைக் கேட்டபோது நம் தோட்டங்களே நினைவுக்கு வந்தன. நம் மொழியும் இரப்பர் பால்வெட்டோடு ஜொகூருக்கு வந்ததுதான். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமான்களாயின. பள்ளிகள் சில இடம்பெயர்ந்தன, சில மாணவர் குறைந்து நிற்கின்றன. தொழில் போன பின் மொழியைத் தாங்குவது எது என்பது நமக்கும் உரிய கேள்வி.

அந்நகரில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவருடைய மொழியிலேயே மற்றவர் விடையளிப்பார். ரொட்டிக் கடையில் நண்பர் பிரெஞ்சில் கேட்டார். கடைக்காரப் பெண் பிரெஞ்சில் பதிலளித்தார். அடுத்து நின்றவர் ஜெர்மனில் தொடங்க, அதே பெண் ஜெர்மனுக்கு மாறினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. நம் ஊரிலும் இவ்வழக்கம் இருக்கிறது. என்ன, இரு தமிழர் சந்தித்தாலும் முதலில் வாய் திறப்பவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடங்கிவிடுகிறார்; மற்றவரும் மரியாதையாகப் பின்தொடர்கிறார்!

2010 முதல் அங்கு அரசுப் பள்ளியில் இருமொழிப் பிரிவு நடைபெறுகிறது. பாடங்களில் பாதி ஜெர்மனில், பாதி பிரெஞ்சில். நம் நாட்டில் 2016இல் அறிமுகமான இருமொழிப் பாடத்திட்டமும் பெயரளவில் இருமொழிதான். ஆனால் அதை ஏற்ற தமிழ்ப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயின. ஒன்று மொழிக்கு இடம் கொடுக்கிறது. மற்றது இடத்தை எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் கையொப்பமிடுமுன் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நண்பரின் மகளுக்குப் பத்து வயது. பள்ளியில் இரு மொழி, வீட்டில் தமிழ், சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்றதும் அவள் கேட்டாள்:

"ரீச்சர், உங்கட பள்ளிக்கூடம் எந்த நாள்? சனிக்கிழமையோ?"

"இல்லையம்மா, திங்கள் முதல் வெள்ளி வரை."

"எல்லாப் பாடமும் தமிழிலயோ? கணக்குமோ?"

எங்கள் பள்ளியில் கணக்கும் தமிழில்தான் என்றேன். அவள் நம்பவில்லை. "அம்மா, இஞ்ச வாங்கோ, ரீச்சர் சொல்லுறதைக் கேளுங்கோ!" என்று அடுக்களைக்கு ஓடினாள்.