உப்பு பூக்கும் சுவர்

மரக்காணத்தில் சுவரில் படம் வரைவதென்றால் முதல் வேலை சுரண்டுவதுதான். உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெரு ஒன்றில், பொதுச்சுவரில் அவர்கள் வேலையையே வரையப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். ஓவியரும் ஒரு கொத்தனாரும் குந்தி உட்கார்ந்து சுவரின் அடிப்பக்கத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பூச்சு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. கொத்தனார் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புதாங்க" என்றார்.

இந்த மண்ணில் அது ஏறாத சுவர் ஏது? பக்கிங்காம் கால்வாயை ஒட்டி உப்பளங்கள் விரிந்து கிடக்கும் ஊர் இது. நிலத்தின் ஈரம் செங்கல்லில் ஊறி மேலேறும். வெயிலில் நீர் ஆவியாக, உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி அதை வெளியே தள்ளும். கடற்கரை மணலையும் உவர்நீரையும் கலந்து கட்டிய சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். உப்புப் பாத்தியில் நடப்பதும் இதேதான். உவர்நீரின் அடர்த்தியை அளக்கும் போமே கணக்கில் 3 சொச்சத்தில் இருக்கும் கடல்நீர், வற்றி 25-ஐ எட்டும்போது உப்பு விழத் தொடங்கும். தெருக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது என்பதில் ஓவியர் கண்டிப்பாக இருந்தார். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். கம்பி பிரஷால் உலர்ந்தபடியே தேய்த்து, பெருக்கி, காயவிட வேண்டும். அவருடைய இன்னொரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. தரையிலிருந்து இடுப்புயரம் வரை படம் கிடையாது, சுண்ணாம்பு மட்டும்தான். எமல்ஷன் பெயின்ட் தோல்போல மூடிக்கொள்வதால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்துக்கொள்ளவும் செய்யலாம். இதே விழுப்புரம் மாவட்டத்துப் பனமலைக் கோயிலில், ராஜசிம்ம பல்லவன் காலத்து ஓவியத்தில் பார்வதி ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாகக் குடையின் கீழ் நிற்பதும் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான்.

ஓவியர் ஐம்பதைத் தாண்டியவர். சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவர், ஃப்ளெக்ஸ் வந்தபின் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனவர். நூலில் நீலப்பொடி தடவி, இரு முனையையும் இழுத்துப் பிடித்துச் சுண்டிச் சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் பழைய வித்தை அவர் விரலில் அப்படியே இருக்கிறது. சென்னைக் கண்ணகி நகரைப் பார்த்ததிலிருந்து இப்படி ஒரு சுவருக்கு ஏங்கியதாகச் சொன்னார்.

நானும் அந்தச் சுவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களையும் சுனாமியில் வீடிழந்தவர்களையும் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் அது. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து, அங்குள்ள அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பெரும் ஓவியங்களை வரையச் செய்தன. ஏ-கில் என்ற பெயரில் வரையும் சென்னைக் கலைஞரும் அங்கே வரைந்தவர்களில் ஒருவர். முகவரியைக் கேட்டதுமே வேலை தர மறுக்கப்பட்ட மக்களின் ஊருக்கு வெளியார் படம் பார்க்க வந்தது சிறிய விஷயம் அல்ல. ஆனால் ஓவியத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் அளவு மாறவில்லை. அதை மறந்து அந்தச் சுவர்களை ரசிக்க என்னால் முடிந்ததில்லை.

உப்பு வாருவது விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிகிற வேலை. சூடான சுவரில் பெயின்ட் இழுபடாமல் காய்ந்துவிடும் என்பதால் ஓவியர் சாய்ந்த வெயிலில்தான் சாரம் ஏறுவார். அந்நேரம் அளத்துப் பெண்கள் அங்கே கூடிவிடுவார்கள். கரிக்கோட்டில் ஒருத்தி வாருபலகையோடு நிமிர்ந்து நின்றாள்.

"ஏன் தம்பி, பலகைய இழுப்பமா, தள்ளுவமா?" என்று கேட்டார் மூத்த அம்மா ஒருவர். சவுக்குக் கழி ஒன்றை எடுத்து, காலை அகட்டி, இடுப்பை வளைத்து இழுத்துக் காட்டினார். "அப்படியே நில்லுங்கக்கா" என்று ஓவியர் சாரத்திலிருந்து இறங்கிவந்து வரைந்துகொண்டார். பழைய கோடு முழுவதும் அழிந்தது.

அடுத்து நிறம். "வெறும் நீலமா அடிச்சீங்கன்னா அது கடலு. வாருற பாத்தியில தண்ணி லேசா செவப்பு காட்டும்" என்றார் இன்னொருவர். அடர்ந்த உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் தரும் சிவப்பு அது. ஓவியர் நீலத்தில் காவியைத் தொட்டுக் கலந்தார்.

முகத்தில் சிரிப்பு வேண்டுமா என்பதில்தான் பேச்சு நீண்டது. பிள்ளைகள் பார்க்கிற சுவர், சிரிக்கட்டும் என்றாள் ஓர் இளம்பெண். "அந்த வெள்ளையில கண்ணு கூசும்போது எவ சிரிப்பா?" என்றார் மூத்த அம்மா. கடைசியில் ஒருத்தி சிரிக்க, மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்வதாக முடிவாயிற்று. எனக்கு அந்தச் சுருங்கிய கண்கள்தான் உண்மையாகப் பட்டன.

படத்துக்குப் பணம் தந்தவர்களின் கணக்கில் பெயின்டும் ஓவியர் கூலியும் மட்டுமே இருந்தன. கொத்தனார் கூலியைத் தெரு பங்குபோட்டுக் கொடுத்தது. இது நியாயமே இல்லை. கடலோரத்தில் பாதி வேலை பூச்சில் இருக்கிறது. அதற்குக் கூலி ஒதுக்காதவர்கள் இங்கே படம் கேட்கக் கூடாது.

பெண்கள் இன்னொன்றும் கேட்டார்கள். மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக அரசு தரும் 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். படத்தில் எல்லாரும் வேலை செய்துகொண்டே இருந்தால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியவா போகிறது? மூழ்கிய பாத்தியும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் வேண்டும் என்றார்கள். காகிதத்தில் இருந்த மாதிரியில் அப்படி ஒரு காட்சி இல்லை. ஓவியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வலது ஓரத்தில் இன்னும் இரண்டு கட்டங்களுக்கு நூலைப் பிடிக்கச் சொன்னார்.