நிலத்தைக் கிரயம் வாங்கிய ராஜா

தென் கொரியாவின் தலைநகரான சியோலில் இருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் கோங்ஜு நகரம் வந்துவிடும். ஊருக்கு நடுவே கும் ஆறு ஓடுகிறது. கி.பி. 475 முதல் 538 வரை பேக்ஜே அரசின் தலைநகரம் இதுதான். சியோல் பக்கம் இருந்த பழைய தலைநகரை எதிரிகள் பிடித்துக்கொண்டதால், ஆறும் மலையும் காவலாக இருக்கும் இந்த இடத்துக்கு அரசு குடிபெயர்ந்தது.

ஆற்றை ஒட்டிய குன்றின் மேல் கோங்சான் கோட்டை நிற்கிறது. மதிலின் சுற்றளவு சுமார் 2.6 கிலோமீட்டர். முதலில் மண் சுவர். பெரும்பகுதியைப் பிற்காலத்தில் கல்லால் கட்டினார்கள். மதிலோரமாகவே நடந்து ஆற்றைப் பார்க்கலாம்.

ஊரின் பெரிய செல்வம் கிடைத்தது வடிகால் வேலையில்தான். 1971 ஜூலையில், பழைய அரச கல்லறை ஒன்றில் மழைநீர் கசியாமல் இருக்கப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். மண்வெட்டி செங்கல்லில் தட்டியது. உள்ளே திருடர் கை படாத இன்னொரு கல்லறை! 4,600க்கும் மேற்பட்ட பொருள்கள். மழையும் கூட்டமுமாக இருந்த பரபரப்பில், ஒரே இரவில் எல்லாவற்றையும் அள்ளி வெளியே எடுத்துவிட்டார்கள். எது எந்த இடத்தில் இருந்தது என்ற விவரம் பல பொருள்களுக்குத் தெரியாமலே போனது. அந்த வருத்தம் கொரிய ஆய்வாளர்களுக்கு இன்றும் உண்டு.

வாசலருகே எழுத்துப் பொறித்த கற்கள் இருந்தன. 523இல் இறந்த முர்யோங் ராஜாவின் கல்லறை இது என்று ஒரு கல் சொல்கிறது. இன்னொன்றில் இருப்பது கிரயப் பத்திரம்! பத்தாயிரம் காசு கொடுத்து, இந்த இடத்தை மண்ணின் தெய்வத்திடம் வாங்கியதாக எழுதி, மேலே காசுகளையும் வைத்திருக்கிறார்கள். நாடாண்ட ராஜாவாக இருந்தாலும் மண் தனக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கல்லறைகளில் இப்படி எழுத்து இல்லை. அதனால் அவை யாருடையவை என்று அறுதியிட முடியவில்லை. ஆவணத்தின் அருமை இத்தனை ஆண்டு கழித்தும் தெரிகிறது பாருங்கள்.

இப்போது கல்லறைக்குள் யாரையும் விடுவதில்லை. பக்கத்தில் அதே அளவில் மாதிரி கட்டியிருக்கிறார்கள். அசல் பொருள்கள் கோங்ஜு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

சாப்பாட்டுக்கு வருவோம். முள் மூடிய காய்க்குள் விளையும் செஸ்ட்நட் கொட்டைதான் இந்த வட்டாரத்தின் பேர்போன விளைபொருள். சுட்டுத் தின்கிறார்கள், சோற்றோடு சேர்த்து வேகவைக்கிறார்கள், ரொட்டி, இனிப்பு, அரிசிக் கள் என்று மதிப்புக் கூட்டியும் விற்கிறார்கள். வெங்காயத்தாள் நிறையப் போட்ட மாட்டிறைச்சிச் சாறும், தனிக் கிண்ணத்தில் சுடுசோறும் இன்னொரு உள்ளூர் உணவு. குளிர்காலத்தில் போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.