உருகியின் மீது பழி

மூளையால் உழைப்போர் அறிவாளர், கையால் உழைப்போர் அவர்தம் ஏவலர் என்னும் எண்ணம் எமது சமுதாயத்திலே ஆழ வேரூன்றியுள்ளது. அதற்கு நீர் வார்க்கும் இடங்களுள் பாடசாலையும் ஒன்றென்பதை ஆசிரியர்களாகிய நாம் மறுத்தல் இயலாது. அவ்வெண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதை அண்மையில் ஒரு சிறு பழுது எமக்கு உணர்த்திற்று.

யாழ்ப்பாணத்திலிருந்து தொலைவிலுள்ள பாடசாலைக்கு நாம் ஆசிரியர் எண்மர் வாடகை வான் ஒன்றிலே போய்வருகிறோம். வழியிலே வானொலியிற் காலைச் செய்தியைக் கேட்பதும், அதன்மேல் வாதிடுவதும் எமது வழக்கம். ஒருநாள் செய்தியின் நடுவே வானொலி திடீரென ஓய்ந்தது. அதன் முகப்பு வெளிச்சமும் அணைந்தது. பெட்டி முடிந்துவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான் என்றார் ஒருவர். பற்றரியைக் குறைகூறினார் மற்றொருவர். தீர்ப்புகள் பல பிறந்தன. சோதனை ஒன்றும் பிறக்கவில்லை.

மாலையில் வீதியோரக் கராச் ஒன்றிலே மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் வானைக் கொண்டு சென்றோம். அவர் உடனே பெட்டியைத் திறந்துவிடவில்லை. வான் முதல் திருப்பலிலேயே இயங்கிற்று, விளக்குகளும் மங்கவில்லை. ஆகவே பற்றரி குற்றமற்றது. பின்னர் வானொலியை வெளியே இழுத்து அதன் வயர்களை ஆராய்ந்தார். இத்தகைய பெட்டிகளிலே பொதுவாக மஞ்சள் வயர் பற்றரியிலிருந்து எந்நேரமும் மின் பெறும். கடிகாரமும் நிலையங்களின் நினைவும் அதனையே நம்பியுள்ளன. சிவப்பு வயர் சாவியைத் திருப்பிய பின்னரே மின் பெறும். கறுப்பு வயர் வாகனத்தின் உடலோடு இணைந்து சுற்றை நிறைவுசெய்யும். மூன்றுள் ஒன்று தவறினும் பெட்டி ஊமையே.

சிறிய 12 வோல்ற்று மின்குமிழ் ஒன்றுடன் இரு வயர்களைப் பொருத்திய சோதனை விளக்கே அவரது கருவி. பல்மானி இருக்க இது எதற்கென்று வினவினோம். உள்ளே அரித்துப்போன வயரும் பல்மானியில் 12 வோல்ற்றைக் காட்டக்கூடும். ஒரு குமிழை எரியவைக்கும் சுமையைக் கொடுத்ததும் அதன் வலுவின்மை வெளிப்பட்டுவிடும் என்றார். பரீட்சைப் புள்ளிக்கும் வாழ்க்கைப் பயனுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக யாம் எங்குங் கேட்டதில்லை.

சிவப்பிலே விளக்கு எரிந்தது, மஞ்சளிலே எரியவில்லை. மஞ்சள் வயருக்கு மின் வழங்கும் நீலநிற 15 அம்பியர் உருகி அறுந்திருந்தது. புதியதைச் செருகினார்; அதுவும் அக்கணமே அறுந்தது. "30 அம்பியர் ஒண்டைப் போட்டுவிடும், தம்பி" என்றார் சாரதி.

"பியூஸில பிழையில்லை, அண்ணை. அது தன்ர வேலையைத்தான் செய்திருக்கு. ஏன் எரிஞ்சதெண்டு பாக்கோணும். பெரிசைப் போட்டா பியூஸ் எரியாது, வயர்தான் எரியும்."

காரணம் விரைவிலேயே அகப்பட்டது. குன்றும் குழியுமான வீதியின் அதிர்விலே மஞ்சள் வயர் கூரிய தகடொன்றோடு நெடுநாள் உராய்ந்து, மேலுறை தேய்ந்து, வாகனத்தின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. புதிய பெட்டியின் விலைக்குப் பதிலாக இரண்டு உருகிகளும் ஒரு சாண் ஒட்டுநாடாவுமே செலவாயின.

இவ்வறிவு எமது மண்ணுக்குப் புதியதன்று. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது, மின்சாரம் நின்றது, மின்கலங்களும் தடைப்பட்டன. அப்போது மக்கள் துவிச்சக்கரவண்டியின் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலி கேட்டனர். உயிர்காக்கும் செய்தியை வீடுகளுக்குக் கொணர்ந்தவை பட்டங்களல்ல; பொருளின் இயல்பை அறிந்த கைகளே.

அவ்விளைஞர் பத்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். 1827இல் ஓம் வெளியிட்ட விதியை எம் மாணவர் பிழையின்றி ஒப்புவிப்பர். அவரோ அவ்விதி ஆளும் உலகிலே நாள்தோறும் உழைக்கிறார். ஆயினும் எமது ஏட்டிலே அவர் "படிப்பு ஏறாதவர்".

பிள்ளை இடைவிலகினால் நாம் பிள்ளையைப் பழிக்கிறோம். வீட்டின் வறுமையோ, விளங்காத பாடமோ, வகுப்பறை அவமதிப்போ, எங்கே உறை தேய்ந்து எது எதனைத் தொட்டதென்று தேடுவதில்லை. அறுந்த உருகியை எறிந்துவிட்டு அடுத்ததைச் செருகுகிறோம்; அதுவும் அறுகிறது.

ஆசிரியத் தோழர்களே! சோதனை விளக்கொன்றை வகுப்பறைக்குக் கொண்டு செல்வோம். அதைச் செய்யத் தெரிந்த தொழிலாளியையும் விருந்தினராகவன்றி ஆசானாகவே அழைத்துச் செல்வோம். விலகிய பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டுமுன், ஏன் என்று ஒருமுறை தேடுவோம்.