பீலித் தண்ணீரும் ஒரு கண்ணாடித் தொட்டியும்

ஆறு வாரமாக எங்கள் வீட்டில் மூன்றடி நீளமான கண்ணாடித் தொட்டியொன்று வெறும் தண்ணீருடன் இருக்கிறது. டயகம பஜாரிலுள்ள எங்கள் கடையோடு ஒட்டியதுதான் வீடு. சாமான் வாங்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "மீன் எங்க நானா?" என்று கேட்கிறார்கள். மீனல்ல, அக்சலோட்டல் என்று சொன்னால் இன்னும் நாலு கேள்வி பிறக்கிறது.

அது மெக்சிக்கோ நகரத்திலுள்ள சொச்சிமில்கோ கால்வாய்களுக்கு உரிய பிராணி. தவளையைப் போல நீர்நில வாழ்வனவற்றில் ஒன்று. ஆனால் வால் உள்ள சலமாந்தர் இனம். அந்த இனம் நமது நாட்டில் இல்லை. தலையின் இரு பக்கமும் இறகு போன்ற செவுள்களுடன் ஆயுள் முழுவதும் குடம்பிப் பருவத்திலேயே இருந்துவிடும். கால் அறுந்தால் மீண்டும் முளைக்கும். 1998இல் அக்கால்வாய்களில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 6000 அளவில் இருந்தவை, 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 36 ஆகக் குறைந்திருந்தன. உலகமெங்கும் ஆய்வுகூடங்களிலும் வீடுகளிலும் மட்டும் ஏராளமாக வாழ்கின்றன.

மகள் இதை அறிந்தது மைன்கிராஃப்ட் விளையாட்டில். கொழும்பில் வளர்க்கும் உறவினர் ஒருவர் குட்டியொன்று தருவதாகச் சொன்னதும் அவள் வாதாடத் தொடங்கிவிட்டாள். "வாப்பா, கொழும்புச் சூட்டை அது தாங்காதாம். அங்க தண்ணியக் குளிராக்க மெசின் வேணும். இங்க ஒண்டும் வேணாம்."

அவள் சொன்னது சரி. அதற்குத் தேவை 16 முதல் 18 பாகை வரையிலான குளிர்நீர். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறக்குறைய 16 பாகைதான். இந்தக் குளிரையும் அட்டையையும் சொல்லிச் சொல்லி ஊரை விட்டுப் போனவர்களைத்தான் இதுவரை கண்டிருக்கிறேன். இந்தக் குளிருக்காகவே இங்கே வர ஓர் உயிர் இருக்கிறது என்பது கேட்க இதமாக இருந்தது.

ஆனால் வேலை குளிரோடு முடிவதில்லை. சிறு கற்களை விழுங்கிவிடும் என்பதால் அடியில் ஒன்றும் போடவில்லை. இமை இல்லாத கண் என்பதால் வெளிச்சம் கூடாது. ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி வைத்தோம். நீரோட்டம் மெல்ல இருக்கவேண்டும் என்பதால் பஞ்சு வடிகட்டி. மலைநாட்டுத் தண்ணீர் மென்நீர். சுண்ணாம்புச் சத்து போதாது. பேருவளையிலிருந்து மச்சான் கொண்டுவந்த சிப்பி ஓடுகளை அவித்துக் கழுவி உள்ளே போட்டோம். பிறகு காத்திருப்பு. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியில் குடியேற வேண்டும். குளிரில் அவையும் மெதுவாகத்தான் பெருகும். மகளுக்குப் பொறுமையில்லை. பூனையை அடைத்துவைத்துப் பட்டினிபோட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை உம்மா எனக்குச் சொன்னதுபோல் அவளுக்குச் சொன்னேன். பத்துப் பதினைந்து வருடம் வாழக்கூடிய உயிரை அடைத்து வைக்கிறவர் அதன் தண்ணீருக்கும் பொறுப்பு.

தண்ணீர் மலைப் பீலியிலிருந்து குழாய் வழியே வருகிறது. நீர்நில வாழ்வனவற்றின் தோல், நீரில் கரைந்திருப்பவற்றை எளிதில் உள்ளிழுக்கும். மேலே தேயிலைக்கு உரமும் களைநாசினியும் போடுவார்களே என்ற பயத்தில் பரிசோதனைத் திரவங்கள் வாங்கினேன். ஒவ்வொரு வெள்ளியும் சிறு குழாயில் துளி விட்டு நிறம் பார்ப்போம். அபாயமான நிறம் எதுவும் வரவில்லை.

கடையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் மறுவாரம் சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். "நானா, எங்க லயத்துத் தண்ணியயும் கொஞ்சம் பாருங்களேன். சின்னவனுக்கு அடிக்கடி வயித்தால போகுது."

பார்த்தேன். துளிகள் அமோனியாவைச் சொல்லும், நைத்திரேற்றைச் சொல்லும். கிருமியைச் சொல்லா, களைநாசினியைச் சொல்லா. அதை அவரிடம் சொல்லி, நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுக்கும்படியும் பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டும்படியும் சொன்னேன். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். லயத்திலிருந்து பதினொரு பேர் கையொப்பமிட்டார்கள்.

தொட்டி ஆயத்தமாகிவிட்டது. அமோனியா பூச்சியம், நைத்திரைற் பூச்சியம். அடுத்த மாதம் குட்டி வரும். இன்னும் வராத ஒரு பிராணிக்காக ஆறு வாரம் தண்ணீரை அளந்திருக்கிறோம். லயத்துப் போத்தல்கள் ஏழு இப்போது கடை மேசையில் வரிசையாக நிற்கின்றன. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தை மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.